காலி ஆணி

"எதுக்கு அண்ணாச்சி இந்த ஆணி?" என்று தாவீதுராஜ் கேட்டான்.

"உன் பெல்ட்டைத் தொங்கவிடத்தான்," என்றார் சிலுவைமுத்து.

"நான் இன்னும் பட்டாளத்துல பேரே குடுக்கலையே."

"குடுக்கத்தான வரிசையில நிக்கிற? பின்னால பெல்ட்டு வந்து சேரும்போது ஆணி தேடிக்கிட்டு இருக்க முடியாதுல்ல."

"சின்ன ஆணியா இருக்கே, தாங்குமா?"

"தாங்கும் தம்பி. பெல்ட்டு மட்டும்தான வரும்."

கதவோரம் அவன் அக்கா ஜெயக்கொடி நின்றாள். தம்பி பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவான் என்று ஒரு கணம் நம்பினாள். அவனோ சிரித்தான்.

"அப்ப நல்லா உசரத்துல அடிங்க. எங்க அக்கா டீச்சரு. பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து காட்டட்டும்."

ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. வெளியே ஹவில்தார் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"சீக்கிரம் அடிங்க அண்ணாச்சி, என் முறை வந்துரும்."

சிலுவைமுத்து அடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்தது. வெளியிலிருந்து, "உள்ள என்னய்யா சத்தம்?" என்று அதட்டல் வந்தது.

"ஏசு படம் மாட்டுறேன் சார்!"

அது 1942, ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த நேரம். அருப்புக்கோட்டை மிஷன் வளாகத்தில் இருந்த அந்த அறையை ஊரில் சண்டைக் கூடம் என்பார்கள். பாளையக்காரர் காலத்து ஈட்டிகளும் வீசி எறியும் வளரிகளும் அங்கே இருந்தன. திருச்சுழிப் பக்கம் கண்மாய் தூர்வாரியபோது கிடைத்த பீரங்கிக் குண்டு ஒன்று மூலையில் கிடந்தது. எதிர்ச் சுவரில் வரிசையாகப் பெல்ட்டுகள்.

அந்தப் பெல்ட்டுகளைக் கொண்டுவந்தவர் சிலுவைமுத்துதான். நரிக்குடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், முதல் உலகச் சண்டையின்போது கூட்டாளிகளோடு பாஸ்ராவுக்குக் கப்பலேறினார். திரும்பும்போது கூட்டாளிகள் இல்லை. அவர்களுடைய பெல்ட்டுகள் அவர் தோளில் மூட்டையாகத் தொங்கின. வீடு வீடாகக் கொண்டுபோய் நீட்டினார். செத்தவன் இடுப்பில் கிடந்ததை வீட்டுக்குள் வாங்க யாருக்கும் மனசில்லை. பாதிரியார் ஓர் அறையைத் திறந்துவிட்டு, சாவியையும் அவரிடமே கொடுத்தார். தம்முடைய பெல்ட்டை மட்டும் சிலுவைமுத்து கழற்றியதே இல்லை. வேட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் கோயிலுக்கும் போவார்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஈட்டியைப் பற்றி வாய் ஓயாமல் சொல்வார். பெல்ட்டுகளுக்கு முன்னால் வந்ததும் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டக் கிளம்பிவிடுவார்.

மறுபடி சண்டை மூண்டதும் அதே வளாகத்தில் ஆள் எடுத்தார்கள். வீரம் ஏறட்டும் என்று பையன்களைக் கூடத்துக்குள் அனுப்பினார்கள். அவர்களை வீட்டுக்கு விரட்டத்தான் சிலுவைமுத்து இந்த ஆணி வித்தையைக் கண்டுபிடித்தார். ஆணியைச் சுவரில் வைத்துச் சுத்தியலை ஓங்கினாலே போதும். இருளப்பசாமி என்கிற பையன் துண்டைக்கூட எடுக்காமல் நரிக்குடிப் பாதையில் ஓடியிருக்கிறான். தாவீதுராஜ் வரும்வரை அந்த வித்தையில் ஆணி சுவருக்குள் இறங்க வேண்டி வந்ததில்லை.

அவன் போனான். அஸ்ஸாம் காட்டிலிருந்து இரண்டு வருஷம் போலக் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. ஜெயக்கொடி பள்ளிக்கூடம் விட்டதும் கூடத்துக்குப் போய் வாசலிலேயே நின்று பார்ப்பாள். ஆணி காலியாக இருக்கும். அது காலியாக இருப்பதே அவளுக்கு நல்ல சேதி. சிலுவைமுத்து ஈட்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பார், அவள் பக்கம் திரும்ப மாட்டார்.

சண்டை முடிந்தது. பஸ்ஸில் ஒருவர் இருவராகப் பட்டாளத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தாவீதுராஜ் வரவில்லை. அப்படியொரு சாயங்காலம் அவள் போனபோது, ஆணியில் ஒரு பெல்ட் தொங்கியது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டிக்கொண்டு வந்த அறையில் சிலுவைமுத்து எழுந்து நின்றார். அவர் இடுப்பில் வேட்டிக்கு மேல் கயிறு கட்டியிருந்தது.

"பயப்படாத தாயி, அது என்னோடது," என்றார். "காலியா வச்சா ஆணி ஒரு பெல்ட்டைக் கேட்டுக்கிட்டே இருக்கு. அதான் என்னுதைக் குடுத்துட்டேன்."

அவள் அந்தப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஆணி அடிச்சுத்தான் பழக்கம். தம்பி வந்து இறங்கினான்னா, நான் இருந்தாலும் இல்லாட்டியும், நீயே வந்து அந்த ஆணியப் பிடுங்கிப் போட்ரு தாயி."