வாசலில் நின்ற முதல் வீடு

“இந்தக் கல்லை ஒரு அங்குலம் நகர்த்த இனிமேதான் ஒருத்தன் பிறந்து வரணும்!”

நினைவுக்கல் திறப்பு விழாவில் சர்வேயர் இப்படி முழங்கியபோது பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். ஏழு பேர் சொந்தக்காரர்கள்; மிச்சம் ஐந்து பேர் காபிக்கு வந்தவர்கள். ‘ஊரின் முதல் வீடு இங்கே நின்றது’ என்றது கல். ‘இங்கே’ என்பது சர்வேயர் வீட்டு வாசல்.

வரலாறு தானாக வாசல் தேடி வந்தால் மனிதர் என்ன செய்வார்? முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் நிலத்தை அளந்தே ஓய்வு பெற்றவர். ஊரின் மிகப் பழைய வரைபடத்தில், அவர் தெருவில், முதல் கிணற்றிலிருந்து கிழக்கே நாற்பது அடியில் முதல் வீடு என்று குறிப்பு இருந்தது. அவருக்குத் தெரிந்து அந்தத் தெருவில் ஒரே கிணறுதான். அது அவர் வீட்டுக் கொல்லையில் இருந்தது. நாடாவை இழுத்தார். நாற்பதாவது அடி சமர்த்தாக அவர் வாசற்படியில் வந்து உட்கார்ந்தது.

“அது உங்க தாத்தா வெட்டின கிணறாச்சே?” என்றாள் மனைவி.

“உனக்கு சர்வே தெரியுமா?”

“தாத்தாவைத் தெரியும்.”

இரண்டு வருஷம் கழித்துச் சாலையை அகலமாக்க அதிகாரிகள் வந்தார்கள். நினைவுக்கல் உள்ள வீட்டைத் தொடக்கூடாது என்பது விதி. அதனால் எதிர்வீட்டில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. அது இஸ்திரிக்காரம்மாவின் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் தொழில், பின்னால் அடுப்பு. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

“அண்ணே, இந்த மேசையைத் தூக்க ஒரு கை குடுங்க.”

சர்வேயர் பெருந்தன்மையோடு போனார். மேசை நகர்ந்ததும் கீழே இரும்பு வளையம் வைத்த பலகைக்கல் தெரிந்தது.

“என்னம்மா இது?”

“கிணறுண்ணே. எங்க மாமியார் காலத்துலயே மூடியாச்சு.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே!”

“நீங்க எங்கண்ணே கேட்டீங்க?”

ஊரையே அளந்தவர் தெருவைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூடியைத் தள்ளினார்கள். கிணற்று விளிம்பில் ஊர் உண்டான வருஷம் செதுக்கியிருந்தது. அந்த வருஷத்தில் அவர் தாத்தா கொல்லைக் கிணற்றை வெட்டியிருக்க வாய்ப்பில்லை, பிறக்கவே இல்லை.

சர்வேயர் நாடாவை எடுத்து வந்தார். முதல் தடவை கொஞ்சம் தளர்த்திப் பிடித்தார், இரண்டாம் தடவை விறைப்பாக. மூன்றாம் தடவைதான் அரசாங்கச் சம்பளம் வாங்கிய மனிதராக அளந்தார். நாற்பதாவது அடி அடுப்படியில் நின்றது.

“அடுப்பை எதுக்குண்ணே அளக்குறீங்க?”

“மூட்டையைப் பிரிம்மா. நீ எங்கயும் போக வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். “கல்லு அங்க போனா கோடு இந்தப் பக்கம் வந்துடும். நம்ம முன்னறை போயிடுமே.”

மனைவி முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். “உங்க விருதுகளை மாட்டத்தானே அது? கடப்பாரை கதவுக்குப் பின்னால இருக்கு.”

அன்று மாலையே அதிகாரிக்குக் கடிதம் எழுதி, திருத்திய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மத்தியானம், தெரு உண்டு கண்ணயர்ந்த நேரம், சர்வேயர் வேட்டியை மடித்துக் கட்டினார். விழா இல்லை, காபி இல்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் பெரிதாக அடம்பிடிக்கவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றி, வியர்க்க விறுவிறுக்கத் தெருவைக் கடந்தார்.

இஸ்திரிக்காரம்மா பெட்டியில் கரி மூட்டிக்கொண்டிருந்தாள். “எங்கண்ணே வைக்கப் போறீங்க?”

“நீ சொல்லும்மா,” என்றார் சர்வேயர்.