சோளக்காடு வருவதற்குள் அழித்த மெயில்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆடி பதினெட்டுக்குக் கொல்லிமலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். பேருக்குத்தான் பண்டிகை, எனக்குச் சோறே இறங்கவில்லை.

அப்போது கீழே ஒரு கல்லூரியில் லேசர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கண்ணாடிக் குழாயில் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவை அடைத்து மின்சாரம் பாய்ச்சினால், அதன் மூலக்கூறுகள் கிடுகிடுவென்று அதிரும். அந்த அதிர்வுக்கென்று தனியாக ஒரு வெப்பநிலை உண்டு. தெர்மாமீட்டரை விட்டு அளக்க முடியாது. குழாயிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அளந்துதான் கணக்குப் போட வேண்டும். எனக்கோ காலையில் ஒரு கணக்கு வரும், மத்தியானம் குறைந்துபோகும். திங்கட்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டியதுதான் என்று கைடு சொல்லிவிட்டார். ஆறு மாத உழைப்பு!

வாயுவைக் கலந்து நிரப்புவது என் தோழி. அவள்தான் ஏனோதானோவென்று கலந்திருக்கிறாள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். 'அவளுடைய அலட்சியத்தால்தான் எல்லாம் கெட்டது, அவளை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்' என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கைடுக்கு மெயில் எழுதி, பட்டனையும் அழுத்தியாயிற்று. மலையில் ஒரு கொத்து ஊர்களை நாடு என்போம்; அரியூர் நாட்டில் எங்கள் ஊட்டுப் பக்கம் டவர் ஏது? மெயில் போகாமல் போனிலேயே நின்றது. கீழே இறங்கும் வழியில் சோளக்காடு என்ற ஊரில் டவர் கிடைக்கும், தானாகப் போய்விடும் என்று பஸ் ஏறினேன்.

வெளியே தூறல். ஜன்னலெல்லாம் அடைத்து, நிற்க இடமில்லாத கூட்டம். பக்கத்தில் மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்த அக்கா பொறுக்க முடியாமல் கத்தினார்: "ஏனுங்க, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தெறந்து உடுங்க. அத்தன பேரு உட்ட மூச்சையே திருப்பித் திருப்பி இழுக்கறோம், தல சுத்துதுங்க!"

எனக்குச் சுருக்கென்றது. மூச்சு! எங்கள் துறையில் ஏசி இருப்பது லேசர் அறையில் மட்டும்தான். மத்தியானமானால் எல்லோரும் டிபன் பாக்ஸோடு அங்கேதான் கூடுவோம். குளிர் போய்விடக் கூடாதென்று கதவை வேறு இறுக்கிச் சாத்துவோம். நாங்கள் விடும் மூச்சில் இருப்பதும் அதே கார்பன் டை ஆக்சைடுதானே? குழாயிலிருந்து கருவிக்கு வரும் ஒளியை நடுவழியில் அதுவே விழுங்கியிருக்கிறது. இதைப் படித்துப் பரீட்சை எழுதினவள் நான்!

அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்! போனை எடுத்தால், ஒரு கோடு டவர் எட்டிப் பார்க்கிறது. சட்டென்று ஃபிளைட் மோடில் போட்டேன். மெயில் இன்னும் போகவில்லை. அழித்தேன். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

"என்ன கண்ணு, ஏதாச்சும் கெட்ட சேதியா?" என்றார் அந்த அக்கா.

"கெட்ட சேதி ஒண்ணு போகாம நின்னுருச்சுங்க்கா" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மறுநாள் மத்தியானம் அறையைக் காலி செய்து, நன்றாகக் காற்றோட விட்டு அளந்தோம். காலைக் கணக்கே வந்தது. பிறகு எல்லோரையும் டிபன் பாக்ஸோடு உட்காரவைத்து அளந்தோம். குறைந்தது! கைடு விழுந்து விழுந்து சிரித்தார். அத்தியாயம் பிழைத்தது.

தோழியிடம் மறைக்க மனசு வரவில்லை, மெயில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்க ஊருக்கு டவரே வரக் கூடாதுடி" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

இன்றும் யார்மேலாவது பழிபோட நாக்குத் துடிக்கும்போது அந்த அடைத்த அறை ஞாபகம் வந்துவிடும். அங்கே என் கணக்கைக் கெடுத்த மூச்சில் என் மூச்சும்தானே இருந்தது.