அஞ்சலைக்குக் கிடைத்த 'போல்டு' பட்டம்

நிற்காமல் போகும் பேருந்துக்கு ஒரு தனி வாசனை உண்டு. டீசல் புகையும் சாலையோரப் புழுதியும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் மல்லிகைப்பூவும் கலந்த அந்த வாசனையை, பத்தாம் வகுப்பு படித்த ஆண்டில், வாரத்துக்கு இரண்டு நாளாவது நானும் என்னோடு நின்ற நான்கு பெண்களும் மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு சாலையோரத்திலேயே நின்றோம். சின்னசேலம் போகும் காலை 'டவுன் பஸ்' எல்லா ஊரிலும் நிற்கும். நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனி முனையில் மட்டும், பெயர்ப்பலகை இருந்தும், நிற்பதற்கு அதற்கு மனம் வராது. அடுத்த நிறுத்தம் மூன்று கிலோமீட்டர். முன்கூட்டியே கிளம்பி நடந்திருக்கலாமே என்று கேட்பவர்கள், தண்ணீர் பிடித்து, சோறாக்கி, தம்பியைக் குளிப்பாட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடியவர்களாக இருக்க மாட்டார்கள்.

என் அம்மா அஞ்சலை நடவுக்குப் போகிறவள். பதினொரு பெண்கள் சேர்ந்த 'செட்டு' அது. அரையாண்டுத் தேர்வன்று பஸ் நிற்காமல் போய், நான் அழுதுகொண்டு வீடு திரும்பினேன். மறுநாள் காலை அம்மா என்னோடு வந்தாள், நடுச்சாலையில் போய் நின்றுகொண்டாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து அவளுக்கு நான்கடி முன்னால் நின்றது. நடத்துநர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சிதா?"

"ஸ்டாப்பிங்னு போர்டு இருக்குதுங்க. பொண்ணுங்க நிக்குதுங்க. ஏத்திக்கினு போங்க."

அன்று மாலையே டீக்கடையில் அம்மாவுக்குப் பட்டம் கிடைத்தது. "அஞ்சல செம 'போல்டு'." தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து இறங்கி வந்த சொல் அது. பள்ளி அகராதியில் தேடிப் பார்த்தேன். 'துணிவுள்ள' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே 'நாணமற்ற' என்றும் இருந்தது. அம்மாவிடம் முதல் பொருளை மட்டும் சொன்னேன். அந்தச் சொல்லை எங்கள் பக்கம் எந்த ஆணுக்கும் சொல்லி இன்றுவரை நான் கேட்டதில்லை. பஸ்ஸை மறித்தது ஓர் ஆணாக இருந்திருந்தால் 'நியாயம் கேட்டான்' என்று சொல்லிவிட்டு அவரவர் டீயைக் குடித்திருப்பார்கள்.

பட்டம் வந்ததும் கூடவே வேலையும் வந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா, ரேஷன் கடை பூட்டிக் கிடக்கிறதா, "அஞ்சலய அனுப்பு, அவதான் போல்டு" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவள் தனியாகப் போய், தனியாக ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸும் கொஞ்ச நாள் ஒழுங்காக நின்றுவிட்டுப் பழையபடி பறக்கத் தொடங்கியது. பொதுத்தேர்வுக்கு மூன்றே நாள் இருந்தது. செட்டில் இருந்த குப்பு அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாள். "இன்னொரு வாட்டி நில்லு அஞ்சல. ஒனக்கு தைரியம் ஜாஸ்தி."

"நிக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் பரீட்சையைவிட இவளுடைய வீம்பு பெரிதாகப் போய்விட்டதா என்று அவளோடு பேசுவதையே விட்டுவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தம்பி கெஞ்சியதால் அம்மாவுக்குக் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். நடவில் பெண்கள் கையெட்டும் தூரம் விட்டு வரிசையாக நிற்பார்கள். ஒருத்தி பின்தங்கினால் இரண்டு பக்கத்தில் இருப்பவர்களும் அவள் பங்கில் நாலு நாற்றை ஊன்றி, அவளை வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை, யாரும் சொல்லிக்காட்டுவதுமில்லை. அன்று பின்தங்கியவள் குப்பு அக்கா. அம்மா அவள் பங்கில் ஊன்றிவிட்டு இடுப்பை நிமிர்த்தினாள்.

"வயல்ல ஒருத்திய தனியா உட மாட்டோம். ரோட்டுல மட்டும் இன்னா? போல்டுன்னு சொல்லிட்டு அத்தினி பேரும் வூட்டுக்குள்ள பூந்துக்கறீங்க. எனுக்கும் கால் நடுங்குது. நீங்க வந்தா நிக்கிறேன். வரலன்னா எம்பொண்ணு நடந்தே போவட்டும்."

குப்பு அக்கா குனிந்து அடுத்த நாற்று முடியைப் பிரித்தாள். நான் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தேர்வு நாளன்று காலனி முனையில் அம்மா சாலையோரமாக நின்றிருந்தாள், சாலையில் இறங்கவில்லை. புளியமரத்து வளைவில் ஹாரன் கேட்டது. அப்போது பின்னாலிருந்து குப்பு அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, அம்மாவைத் தாண்டிப் போய் சாலையில் நின்றாள். பிறகு இரண்டு பேர் வந்தார்கள், பிறகு மற்றவர்கள், கடைசியாக அம்மாவும். பதினொரு பேரும் சாலைக்குக் குறுக்கே, வயலில் நிற்பதைப் போலவே கையெட்டும் தூரம் விட்டு நின்றார்கள். பஸ் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. இந்த முறை நடத்துநர் இறங்கவில்லை. "ஏறுங்கம்மா, டைம் ஆவுது" என்றார். அதற்குப் பிறகு எங்கள் முனையில் ஒரே ஒரு பிள்ளை நின்றாலும் பஸ் நின்றது.

இப்போது அங்கே நிழற்குடை இருக்கிறது. அந்த வயலில் மக்காச்சோளம் போடுகிறார்கள். நெல் போடும் இடங்களில் நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. பதினொரு பேர் செட்டு கலைந்து வெகுகாலம் ஆகிறது. 'போல்டு' மட்டும் நன்றாக இருக்கிறது. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை முதல் கடை மூடும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்கார ஒரு முக்காலி கிடையாது. போன மாதம் கூட இருந்த பெண்கள் என்னைத்தான் பிடித்துத் தள்ளினார்கள். "அக்கா, நீங்கதான் போல்டு. நீங்க போய் மொதலாளிய கேளுங்க."

எனக்கும் கால் நடுங்குகிறது, எல்லாரும் வந்தால் வருகிறேன் என்றேன். அவர்கள் கிளம்பி வர நான்கு நாள் ஆயிற்று.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன், முதலாளியிடம் போய்க் கேட்டோம் என்று. முக்காலி கிடைத்ததா என்று அவள் கேட்கவில்லை.

"எத்தினி பேர் போனீங்க?"

"ஏழு பேரும்மா."

"அப்ப செரி" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோறு போட எழுந்தாள்.