முகம் வைக்காத படம்

யுத்தம் முடிந்த வருஷம் நான் ஒரு கார்ட்டூன் படம் கீறினேன். கார்ட்டூன் என்றால் மதிப்பில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அதற்குக் காசு கொடுத்த கொழும்பு நிறுவனத்து அதிகாரி ‘அசைவோவியம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிற எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு தாளில் ஆளைக் கீற வேண்டும், அடுத்த தாளில் அதே ஆளின் கையைக் கொஞ்சம் உயர்த்திக் கீற வேண்டும், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கண்ணாடிக்குக் கீழே பல்ப் எரியும் மேசையில் குனிந்திருந்து முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கதை என் ராத்தாவுடையது, அதாவது என் அக்காவுடையது. சுனாமியில் அவளுடைய ஆறு வயது மகள் காணாமல் போனாள். உடலும் கிடைக்கவில்லை. எங்கள் ஊரான சாய்ந்தமருதில் அப்படி எத்தனையோ வீடுகள். மற்றவர்கள் அழுது முடித்து, மௌத்தானவர்களுக்காக யாசீன் ஓதி, கத்தமும் கொடுத்துவிட்டார்கள். ராத்தா மட்டும் ஓத விடவில்லை. பிள்ளையை யாரோ வடக்கே வன்னிப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வளர்க்கிறார்கள், யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடப்பதால்தான் வந்து சேரவில்லை என்பது அவள் நம்பிக்கை. பாதை திறந்ததும் அந்த நம்பிக்கை இன்னும் முற்றிவிட்டது.

“தம்பி, இந்தப் படத்த வன்னியிலயும் காட்டுவாங்களா?” என்று கேட்டாள்.

“ஓம், எல்லா ஊர்லயும் காட்டப் போறாங்களாம்.”

“அப்ப நான் எல்லாத்தயும் சொல்றன். ஆராவது பாத்துட்டு, இந்தப் புள்ள எங்கட பக்கத்து ஊட்டுல இரிக்கி எண்டு சொல்லுவாங்கதானே.”

அதற்காகத்தான் சொன்னாள். அன்று காலை போட்டிருந்த பச்சைச் சட்டை, விழுந்திருந்த முன்பல், அதை மறைக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. தண்ணீருக்குள் கை விடுபட்ட இடத்தையும் குரல் மாறாமல், கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நானும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருஷங்களில் எங்கள் இருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

பிள்ளையின் போட்டோ ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. எடுத்ததே குறைவு. உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று ராத்தாவின் புருஷனான மச்சான் சுவரில் எதையும் மாட்ட விட்டதில்லை. அலுமாரிக்குள் இருந்த ஒன்றிரண்டும் அலுமாரியோடு போய்விட்டன.

அந்தப் பழக்கம் என் பென்சிலுக்கும் உண்டு. வகுப்பில் தோணி கீறிக் காட்டுவேன், தென்னை கீறிக் காட்டுவேன், ஆளைக் கீறினால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பள்ளிவாசல் மண்டபத்தில்தான் படத்தை முதலில் காட்டுவது என்று முடிவானதும், நானே முந்திக்கொண்டு ஒருவருக்கும் கண், மூக்கு, வாய் வைக்காமல் விட்டேன். மௌலவி ஒன்றும் கேட்கவில்லைதான். ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? தவிர, வாயே இல்லாதவர்களுக்கு வாய் அசைக்கத் தேவையில்லை. வேலை பாதியாகக் குறைந்தது.

தாள்களைப் பார்த்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “சேர், இது ஒரு பாணி! துயரத்துக்கு முகமில்லை என்று சொல்கிறீர்கள்” என்றார். நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பச்சைச் சட்டை கடலின் நிறத்தோடு கலந்துபோகிறது, சிவப்பாக்கினால் பிள்ளை எடுப்பாகத் தெரியும் என்றார். ஆக்கிப் பார்த்தேன், வடிவாகத்தான் இருந்தது. கை விடுபடும் இடம் கண்ணுக்கு இதமாக இல்லை என்று அதையும் எடுத்துவிட்டு, அங்கே அலைமேல் அலையாக நீலத்தை ஊற்றினோம். முடிவில் பிள்ளை ஒரு தோணியில் ஏறிப் போகட்டும் என்றார். போனது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். நாங்கள் சட்டியை மினுக்குவதிலேயே நின்றுவிட்டோம்.

வெள்ளைச் சீலை கட்டிப் படத்தைக் காட்டினார்கள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற படம். “கடல் என்ன வடிவு!” என்று சனம் கைதட்டியது. அதே கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்தவர்களும் தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. வெளியே வந்தபோது ராத்தா செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“இதுல எது என்ட புள்ள?”

“சிவப்புச் சட்டை போட்டது.”

“அவ பச்சதானே போட்டிருந்த.”

“ஓம். பச்ச கடலோட சேந்து போகுது ராத்தா.”

“இதப் பாத்து ஆருக்கு விளங்கும்?”

ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

படம் வன்னிக்குப் போவதற்கு முன் முகம் வைத்த ஒரு தாளையாவது கடைசியில் சேர்த்துவிடுவோம், ஊர் சொல்வதைச் சொல்லட்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுத கையோடு ராத்தா வீட்டுக்குப் போய் மேசையில் தாளை விரித்தேன். நெற்றியைக் கீறினேன், இரட்டைப் பின்னலைக் கீறினேன். அவள் சொல்லச் சொல்ல விழுந்த பல்லின் இடைவெளியையும் வைத்தேன்.

“கண் எப்பிடி ராத்தா? பெருசா, சின்னனா?”

“பெருசு” என்றாள். கீறினேன். “இப்பிடி இல்ல.” அழித்துச் சின்னதாக்கினேன். “இதுவும் இல்ல.” அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் பஞ்சாகிவிட்டது.

“நீயும் கண்டதானே, நீ சொல்லு” என்றாள்.

நினைத்துப் பார்த்தேன். சிவப்புச் சட்டையும் அதற்கு மேலே ஒரு வெறும் வட்டமும்தான் வந்தன.

ராத்தா தாளைத் தன் பக்கம் இழுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, இப்ப அவ வந்து என்ட முன்னால நிண்டா, எனக்கு அவளத் தெரியுமா?”

“ஓம் ராத்தா, தெரியும்” என்றேன். பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினேன். அது கூராகத்தான் இருந்தது.