லோரி ஏறிய நாளுக்கு வைத்த சோறு

வெள்ளைத் தோலைக் கண்டால் எங்கள் தோட்டத்து உபதேசியார் குழைந்ததுபோல ஒரு மனிதர் குழைந்து நான் பார்த்ததில்லை. ஜப்பானில் பல வருடம் ஊழியம் செய்த பாதிரியார் ஒருவர் புக்கிட் பெலிம்பிங் பக்கமிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வருகிறார் என்றதும், இரண்டு வாரமாக ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி, ஆறு மணிக்கு ஊரடங்கு. அதனால் ஞாயிறு மதியமே கூட்டம் என்று முடிவாயிற்று. முதலில் பிரசங்கம், பிறகு அப்பம் கொடுக்கும் திருவிருந்து.

அந்தத் திருவிருந்துதான் என் அம்மாவுக்கு மூன்று வருடமாக மறுக்கப்பட்டிருந்தது. யுத்த காலத்தில் சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரன் அப்பாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். அவர் திரும்பவில்லை. கல்லறை கிடையாது, செத்த நாளும் தெரியாது. தெரிந்தது லோரி ஏறிய நாள் ஒன்றுதான். வருடா வருடம் அந்த நாளில் அம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைப்பாள். ஜெபிப்பது இயேசுவிடம்தான். சோறு மட்டும் அப்பாவுக்கு.

உபதேசியார் கண்ணில் அது பட்டுவிட்டது. பேய்க்குப் படைக்கிறாள் என்று சபையில் நின்று சொன்னார். படத்தை இறக்கிவிட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கும்வரை அப்பம் கிடையாதாம். போதாதென்று மிரட்டல் வேறு. "அரிசிய அளந்து குடுக்குற காலம்மா இது. காட்டுல இருக்கிறவனுங்களுக்குத்தான் சோறு வைக்கிறேன்னு மேனேஜர் காதுல விழுந்தா நான் பொறுப்பில்ல." த்தூ! இந்த வாயில்தான் வேதவசனமும் வந்தது.

பாதிரியார் வந்தார். மேடையேறியதும் இடுப்பை வளைத்து எங்களுக்கு ஒரு ஜப்பான் கும்பிடு போட்டார். அப்படிக் குனியாததற்காக ஜப்பான்காரனிடம் அறை வாங்கியவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மகானுக்கு அது தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. ஜப்பான்காரரின் பணிவு, சுத்தம், முன்னோர் பக்தி என்று அளந்துகொண்டே போனார். உபதேசியார் பக்கத்தில் நின்று பல்லை இளித்தபடி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பாதிரியார் ஒரு பெரிய படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு ஜப்பான் கிழவி மண்டியிட்டிருக்கிறாள். எதிரே பட்டாள உடுப்பில் அவள் மகனின் படம். படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு.

"மகன் உடல் வரவில்லை. இந்த அம்மா ஞானஸ்நானம் பெற்றவர். சோறு வைப்பதை நாங்கள் தடுக்கவில்லை. அது அன்பு. அவர் திருவிருந்திலும் பங்கு பெறுகிறார்" என்றார் ஆங்கிலத்தில்.

"இந்தம்மா மகனை இழந்தவங்க, இயேசுவை ஏத்துக்கிட்டாங்க" என்று முடித்துக்கொண்டார் உபதேசியார்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நான் தோட்டத்துப் பள்ளி வாத்தியாரம்மா, கோலசிலாங்கூரில் இங்கிலீஷ் படித்தவள். எழுந்து நின்று, அவர் முழுங்கியதை ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். உபதேசியார் முகம் கறுத்துப்போயிற்று. அம்மா முகமோ மலர்ந்தது. சட்டம் மாறிவிட்டது என்று நம்பிவிட்டாள், பாவி மனுஷி.

திருவிருந்து தொடங்கியதும் அவளே எழுந்துபோய் முதல் ஆளாக மண்டியிட்டு இரண்டு கையையும் ஏந்தினாள். நான் பக்கத்தில் மண்டியிட்டேன். அப்பத் தட்டோடு பாதிரியார் நெருங்கும்போது உபதேசியார் ஓடிவந்து அவர் காதைக் கடித்தார். பாதிரியார் அம்மாவைத் தாண்டி என்னிடம் வந்தார். கோபமில்லை, இரக்கமாகச் சிரித்தார்.

"உனக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே, நீயே விளக்கிச் சொல். ஜப்பானியருடையது பழமையான, உயர்ந்த பண்பாடு. அங்கே அது மரியாதை. உங்கள் மக்களிடம் அது அஞ்ஞான வழக்கம். முதலில் படத்தை இறக்கட்டும்."

"என்னம்மா சொல்றாரு?" என்றாள் அம்மா. ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது.

சொன்னேன். ஒரு வார்த்தையைக்கூடப் பூசி மெழுகவில்லை.

அம்மா அந்த அப்பத்தையே பார்த்தாள். "அப்ப, உங்கப்பாவக் கொண்டுபோனவனோட அம்மா சாப்பிடலாம். நான் சாப்பிடக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமாம்மா."

கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். பாதிரியார் அப்பத்தை என் வாய்ப்பக்கம் நீட்டினார்.

"நீயாச்சும் வாங்கிக்கம்மா" என்றாள் அம்மா.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.