அடம் என்று நான் சொன்னது

இன்று காலை பையனை அங்கன்வாடியில் விடப் போனபோது கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நாளை குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை, தவறாமல் அனுப்பவும். பசை காயாமல் ஒரு மூலை சுருண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அதைப் படித்துவிட்டு, "எம்புள்ள தரையில போற எறும்பக்கூட பாத்துட்டு கத்துது. அதுக்கு இன்னா கண்ணு டெஸ்ட்டு? நாளைக்கி வூட்லயே வெச்சிக்கப் போறேன்" என்றாள்.

"அனுப்பு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சொல்ல ஆரம்பித்தால் கம்பெனி பஸ் போய்விடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் முன்னே டீச்சராக இருந்தவள். கம்பெனி லைனில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இப்போது இருங்காட்டுக்கோட்டையில் காருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. என் வேலை பார்ப்பது. ஒவ்வொரு கண்ணாடியாக விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்து, முடியளவு கீறல் இருந்தாலும் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். இவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசரிடம் நல்ல பெயர். அந்தப் பெயருக்காகச் சந்தோஷப்படுவதை நான் விட்டு ஒரு வருஷம் ஆகிறது.

டீச்சராக இருந்தது பென்னலூரில், ஒரு சின்ன நர்சரி ஸ்கூலில். பன்னிரண்டாவது முடித்த கையோடு சேர்ந்தேன். பத்தொன்பது வயது. வயது தெரியக்கூடாது என்று கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு போவேன். நான் வருவதற்கு முன்னால் புடவைச் சத்தம் வரும், பிள்ளைகள் வாயில் விரல் வைத்துக்கொள்ளும். அதைப் பெரிய மரியாதை என்று அப்போது நினைத்திருந்தேன். இரண்டே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பங்குனி வெயிலில் டப்பாவுக்குள் மெழுகுக் கலர் பென்சில் எல்லாம் இளகி ஒரு வாசனை வரும். இப்போதும் எங்கேயாவது மெழுகு இளகினால் எனக்கு இருபத்து மூன்று பிள்ளைகளின் எண்ணெய்த் தலையும் சேர்ந்தே மணக்கும்.

அந்த இருபத்து மூன்றில் ஒருத்தி பிரின்சி. நாலு வயது. அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், அம்மா ரெஜினா ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறவர். சுருட்டை முடி, எப்போதும் ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருக்கும். பேச்சில் கெட்டி. பாட்டு ஒரு தடவை சொன்னால் போதும். ஆனால் நடந்தால் யாரையாவது இடிப்பாள். "மிஸ், இவ இட்ச்சிகினே வரா மிஸ்" என்று தினமும் ஒரு புகார். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு டம்ளரில் ஊற்றச் சொன்னால் டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவாள். "பராக்கு பாக்காதடி" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு வழி செய்தேன். யாரையும் இடிக்க முடியாதபடி அவளை வரிசையின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி உட்கார வைத்தேன். புகார் நின்றுவிட்டது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எல்லாம் அவள் இடது பக்கம்தான் நடந்தது. இதைக் கவனிக்க ஒரு வருஷம் முழுக்க எனக்கு நேரம் இருந்தது.

ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் கண் பார்க்கிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். முன்னமே சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் பன்னிரண்டுக்கு வேன் கிளம்பும், ஏறாத பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுவது என் தலையில் விழும். எதிர்ச் சுவரில் ஒரு அட்டையை மாட்டினார்கள். வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம். மேலே பெரிதாக, கீழே வரவரச் சின்னதாக. அதே படங்கள் பிள்ளையின் மடியிலும் ஓர் அட்டையில் இருக்கும். அங்கே காட்டுவதை இங்கே தொட்டுக் காட்ட வேண்டும். வந்தவர்களில் ஒரு பெண் அட்டையைக் காட்டினாள், ஒருவர் எழுதினார். கண்ணை மூடுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் பிள்ளைகள் என் கைக்குத்தான் அடங்கும் என்று ஒரு கர்வம்.

பிரின்சியின் இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். டக் டக்கென்று தொட்டாள். கடைசி வரிசை வரைக்கும் போனாள். பிறகு வலது கண்ணை மூடினேன். என் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்ப மூடினேன். தலையை ஆட்டி விலக்கிக்கொண்டு பார்த்தாள். மூன்றாவது தடவை நன்றாக அழுத்தி மூடினபோது கத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். என் கையில் நகக்கீறல். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். வெளி மனிதர்களுக்கு முன்னால் என் வகுப்புப் பிள்ளை இப்படி அழுவது எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்து நான் சொன்னதற்குக் காரணம் அதுதான். வேனைச் சொல்லலாம், ஆனால் அதுதான்.

அட்டை காட்டின பெண் சொன்னாள், "மிஸ், இந்தப் பாப்பாவ மட்டும் கடைசில இன்னொரு தடவ பாத்துடலாமா?"

"அய்யோ, அவ அப்படித்தான் மேடம். அடம் ஜாஸ்தி. நேத்துகூட பாசிமணி கோத்தா, அவ்ளோ பொடி மணி. கண்ணெல்லாம் நல்லா தெரியும். சரின்னு எழுதிக்கோங்க."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். அடுத்து இன்னொரு ஸ்கூலுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. எழுதுகிறவரிடம் தலையசைத்தாள். அவர் டிக் போட்டார்.

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, இந்தப் பக்கம் வந்தேன், கம்பெனியில் சேர்ந்தேன், கவின் பிறந்தான். பிரின்சியை நான் நினைக்கவே இல்லை. நினைத்தேன் என்று சொன்னால் அது பொய்.

போன வருஷம் இதே அங்கன்வாடியில் கவினுக்குக் கண் பார்த்தார்கள். எனக்கு இரண்டாவது ஷிஃப்ட், அதனால் கூட இருந்தேன். கையால் மூடவில்லை. கறுப்பு பிளாஸ்டிக்கில் கரண்டி மாதிரி ஒன்று வைத்து மறைத்தார்கள். கவின் ஒரு தப்பும் இல்லாமல் சொன்னான். அடுத்து வந்த பெண் குழந்தை, கரண்டியை வைத்ததும் சிணுங்கியது. அதன் அம்மா, "அடம் பண்ணாதடி" என்று தொடையில் தட்டினாள். கண் பார்க்க வந்தவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"அடிக்காதீங்கம்மா. ஒரு கண்ண மூடுனா சும்மா இருக்கு, இன்னொரு கண்ண மூடுனா மட்டும் அழுதுன்னா அது அடம் இல்ல. தெரியிற கண்ண நாம மூடிட்டோம்னு அர்த்தம். அதுக்கு இருட்டாயிடுது. வாயால சொல்லத் தெரியாது, அழுது."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. படபடப்பு, அழுகை எதுவும் வரவில்லை. கவினைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அரிசி களைந்தேன். ஷிஃப்டுக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்த கண்ணாடியில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. உள்ளங்கை மட்டும் மரத்துப்போன மாதிரி இருந்தது. உட்கார்ந்தே தூங்கிவிட்டால் கை மரக்குமே, அந்த மாதிரி. ரொம்ப நாள் அது போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பென்னலூருக்குப் போனேன். ஸ்கூல் இருந்த இடத்தில் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்ட அறைகள், வரிசையாக. பழைய ரெஜிஸ்டர் கிடைக்குமா என்று இடத்தின் சொந்தக்காரரிடம் கேட்டேன். இடிக்கும்போது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டதாகச் சொன்னார். மாதா கோயிலில் பூசை முடிகிற நேரம். ரெஜினா அங்கேதான் வருவார் என்ற நினைப்பில் வாசலில் நின்றேன். வந்தார். பக்கத்தில் அவரைவிட உயரமாக ஒரு பெண், ரெட்டைச் சடை.

"இன்னா மிஸ், ஆளே காணோம்! பிரின்சி, உங்க எல்கேஜி மிஸ்ஸுடி."

பிரின்சிக்குப் பன்னிரண்டு வயது, ஏழாவது படிக்கிறாள். கூச்சத்தோடு சிரித்தாள். நான் அவளுக்கு வலது பக்கம் வருகிற மாதிரி அவள் நகர்ந்து நின்றதைப் பார்த்தேன். அப்படி நின்றால்தான் என்னை அவளுடைய வலது கண்ணால் பார்க்க முடியும். இத்தனை வருஷம் கழித்து இதைப் பார்க்க எனக்குத் தெரிந்திருந்தது.

"பிரின்சி, ஒரு நிமிஷம். இந்தக் கண்ண மூடிக்கினு அந்த போர்டப் படி" என்றேன். இடது கண்ணை மூடிக்கொண்டு, கோயில் வாசல் போர்டில் எழுதியிருந்த பூசை நேரங்களை எல்லாம் படித்தாள். "இப்போ இந்தப் பக்கம். கைய நல்லா வெச்சி மூடு. விரல் சந்துல பாக்காத."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்? ஸ்கூல்ல டெஸ்ட் பண்ணா நான் சந்துலதான் பாப்பேன்" என்று சிரித்தாள். பிறகு உள்ளங்கையை வலது கண்ணின் மேல் அழுத்திக்கொண்டு போர்டு இருந்த பக்கம் திரும்பினாள். சும்மா நின்றாள்.

"போர்டு எங்க கீது மிஸ்?" என்று கேட்டாள்.

ஏதோ விளையாட்டு என்று பார்த்துக்கொண்டிருந்த ரெஜினாவின் முகம் மாறியது. "ஏய், எத்தினி நாளா இப்பிடிக் கீது? ஏண்டி சொல்லல?"

"எல்லாருக்கும் ஒரு கண்ணு அப்படித்தான்னு நெனச்சேம்மா."

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு அவர்களோடு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் மருந்து விட்டு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பிரின்சி தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அங்கேதான் ரெஜினாவிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் அழுதது, இன்னொரு தடவை பார்க்கலாமா என்று அவர்கள் கேட்டது, சரி என்று நான் எழுதச் சொன்னது. ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

ரெஜினா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். பிறகு சொன்னார்:

"அன்னிக்கி சாய்ந்தரம் எங்கிட்டயும் சொன்னா மிஸ். மிஸ் கண்ண மூடுனாங்க, லைட்டு போயிட்ச்சின்னு. நான் சிரிச்சேன். அவங்க அப்பாகிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்."



டாக்டர் நல்ல மாதிரி. பொறுமையாகச் சொன்னார். கண்ணில் பெரிய நோய் இல்லை. பிறந்ததிலிருந்தே இடது கண்ணுக்குப் பவர் அதிகம், வலது கண்ணுக்கு இல்லை. மங்கலாக அனுப்புகிற கண்ணை மூளை சேர்த்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது. பார்வை வளர்கிற வயதில், நாலு அஞ்சு வயதில், ஒரு கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும். வெளியே பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும், மாறுகண்கூட இருக்காது, அதனால்தான் சின்னதிலேயே பரிசோதனை செய்யச் சொல்கிறோம் என்றார். "இப்பவும் முயற்சி பண்ணலாம். ஆனா முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

ரெஜினா கேட்டது ஒன்றே ஒன்று. "அவங்க அப்பா மாதிரி பஸ் ஓட்டணும்னு சொல்லிக்கினே இருப்பா சார். ஓட்டலாமா?"

டாக்டர் பேனாவின் மூடியைப் போட்டார். "பெரிய வண்டி லைசென்ஸுக்கு ரெண்டு கண்ணும் வேணும்மா. கஷ்டம்."

பிரின்சி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.  செம்பரம்பாக்கம் தாண்டியதும் பசிக்கிறது என்றாள். இறங்கி இட்லி வாங்கிக் கொடுத்தோம். நாலு சாப்பிட்டாள்.

கண்ணாடி போட்டார்கள். ஸ்கூல் விட்டு வந்ததும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மறைத்துக்கொண்டு, தெரியாத கண்ணால் எழுத வேண்டும், படம் வரைய வேண்டும். வாரம் ஒரு தடவை நான் போவேன். தலைவலி என்று பிய்த்துப் போடுவாள், ரெஜினா திரும்ப ஒட்டுவார். ஆறு மாதத்தில் அந்தக் கண்ணுக்கு ஆஸ்பத்திரி அட்டையில் மேலிருந்து மூன்று வரி தெரிந்தது. அந்த மூன்றாவது வரியைப் படித்த அன்றைக்கு அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் ஏறவில்லை. இருக்கிற கண்ணை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தக் கோடையில் அவளுடைய அப்பாவின் ஒப்பந்தம் முடிந்து குடும்பமே ஓசூர்ப் பக்கம் போய்விட்டது. முதலில் ஃபோன் வந்துகொண்டிருந்தது. இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் நான் போட்டால்தான்.

இப்போது எனக்கு இருப்பது வேறு கவலை. அன்றைக்கு என் கை மூடினது பிரின்சியின் கண்ணை மட்டும் இல்லை. வேன் போய்விடுமே என்று எத்தனை பிள்ளைகளின் கண்ணில் கையை வைத்த உடனே எடுத்தேன், எத்தனை பேர் விரல் சந்தில் பார்த்தார்கள், எத்தனை பேருக்கு நானே காதில் பதிலைச் சொல்லிக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. பாதிப் பேர் வாடகைக்கு வந்த குடும்பங்கள். அறையைக் காலி செய்துவிட்டு எந்த ஊருக்குப் போனார்களோ. விசாரிக்கலாம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஹரிணி, தினேஷ், ஏஞ்சல், இரண்டு சஞ்சய், ஃபாத்திமா, பிரதீப். பதினேழு பேர் வரைக்கும் வருகிறார்கள். மீதி ஆறு பேரின் பேர் போய்விட்டது. முகமும் வரவில்லை.