மூன்று கேன் காற்று

நிஜாமின் தோளைப் பார்த்தவர்கள், அவருடைய வேலை காற்றை அளப்பது என்றால் சிரிப்பார்கள். அதிராம்பட்டினத்தில் வள்ளம் தள்ளி வளர்ந்த தோள் அது. வளைகுடாவில் அவர் தங்கும் முசஃபா தொழிலாளர் கேம்பில் தண்ணீர் கேனை ஆளுக்கொன்றாய் மூச்சிரைக்கத் தூக்குவார்கள். இவர் கைக்கொன்றாய் இரண்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். கேம்பில் அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கட்டடத்தில் தீப்பிடித்தால் லிஃப்ட் நின்றுவிடும், படிக்கட்டுதான் கதி. அப்போது மொட்டை மாடியில் ஒரு பெரிய விசிறி தானாக ஓடிப் படிக்கட்டுக்குள் காற்றை அடைக்கும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் புகை அங்கே நுழையாது. ஆனால் அழுத்தம் அளவுக்கு மீறினால் தப்பி வருகிறவர்கள் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. அந்த அளவு சரிதான் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் நிஜாம்.

அளவை மில்லிமீட்டர் தண்ணீரில் சொல்வார்கள். அதாவது, அந்தக் காற்று ஒரு குழாயில் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் என்ற கணக்கு. சத்வாவில் ஓர் ஆறு மாடிக் கட்டடத்துக்கு, இரண்டுக்குக் குறையக் கூடாது, ஆறைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தது. நிஜாமின் மீட்டர் சோதனைக்குப் போயிருந்ததால், பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கிப் போனார். அது ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுது பார்க்கிறவர்களுடையது. அதில் மில்லிமீட்டரே கிடையாது, டார் என்ற பழைய அளவுதான் இருந்தது. போனில் தட்டிப் பார்த்தார். ஒரு டார் என்பது ஒரு மில்லிமீட்டர் என்று வந்தது. போதுமே என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

விசிறியை முழு வேகத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் மீட்டர் இரண்டைத் தொட்டது. கதவைத் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார், திறந்தது. புதுக் கீல், கொஞ்சம் இறுக்கம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மறு வாரமே அங்கே ஆட்கள் குடி வந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அவருடைய சொந்த மீட்டர் திரும்பி வந்தது. கூட வந்த தாளின் அடியில் ஒரு வரி இருந்தது: ஒரு டார், 13.6 மில்லிமீட்டர் தண்ணீர். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு போனை எடுத்து அன்றைக்குப் பாதியில் விட்டதை முழுதும் படித்தார். டாரின் மில்லிமீட்டர் பாதரசத்தின் மில்லிமீட்டர். பாதரசத்தை ஒரு மில்லிமீட்டர் தூக்குகிற காற்று, தண்ணீரைப் பதின்மூன்றரைக்கு மேல் தூக்கிவிடும். நுனிப்புல் மேய்ந்தது யார் என்று கேட்க வேறு ஆள் தேவைப்படவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இரண்டு டார் என்றால் இருபத்தேழு மில்லிமீட்டர் தண்ணீர். கதவு இரண்டு சதுர மீட்டர். அதைப் படுக்கப் போட்டு, அதன்மேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஐம்பத்துநாலு லிட்டர். நிஜாம் அறை மூலையைப் பார்த்தார். பதினெட்டு லிட்டர் பிடிக்கும் மூன்று தண்ணீர் கேன்கள் வரிசையாக நின்றன. கண்ணுக்குத் தெரியாத வெறும் காற்று அந்த மூன்று கேனையும் ஒரு கதவின்மேல் சாய்த்து வைத்திருக்கிறது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் தோள் அதைத் திறந்துவிட்டது, எல்லோருக்கும் இந்தத் தோள் கிடையாது.

சூப்பர்வைசர் ஆரிப் அதே ஊர்க்காரர், நிஜாமுக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறை. விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"ஹலாஸ், முடிஞ்சு போச்சு, விட்டுரு. தீப்பிடிச்சாத்தானே அந்த ஃபேனே ஓடும்? இப்பப் போயி சொன்னா ஒன் வேலதான் போவும்."

"தீப்பிடிச்சாத்தான் ஓடும் காக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஆரிப் வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எடுத்துக்க. நான் பாக்கல."

ஞாயிறு காலை நிஜாம் சத்வாவில் காவலாளியிடம் சொல்லி விசிறியை ஓட விட்டார். நாலாம் மாடியில், இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு, அங்கே குடியிருக்கும் ஒரு பெண் வந்தாள். பெயர் கஜாலினி, யாழ்ப்பாணத்துக்காரி. தீ வந்தால் எப்படி ஓடுவாளோ அப்படியே கதவைத் திறக்கச் சொன்னார் நிஜாம். அவள் ஒரு கையால் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். குழந்தை சிணுங்கியது.

"என்னண்ணை, பூட்டிப் போட்டியளோ?"

"பூட்டு இல்லம்மா. காத்து."

அவள் நம்பாமல் பூட்டைத் தேடினாள். நிஜாமால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த முறை அவர் எந்த மீட்டரையும் நம்பவில்லை. வளைத்த பிளாஸ்டிக் குழாயில் பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கதவடியில் படிக்கட்டுக்குள் செருகினார். ஒரு பக்கத்துத் தண்ணீர் இறங்கி மறு பக்கம் ஏறி, ஒன்றரை விரல் அகலத்துக்குக் குறையாமல் வித்தியாசம் காட்டியது. மேலே நின்ற காவலாளியிடம் போனில் சொல்லிச் சொல்லி விசிறியின் வேகத்தைக் குறைத்தார். தண்ணீர் மெல்லச் சமப்பட்டு வந்து, ஒரு பச்சைப்பயறின் நீளத்தில் நின்றது. ஐந்து மில்லிமீட்டர்.

இந்தத் துளி உயரம் போதும், ஆறு மாடிப் படிக்கட்டில் புகையை அண்ட விடாமல் நிறுத்த. பதினைந்து வருடமாக இதைக் காகிதத்தில் எழுதிவந்தவர், இன்றுதான் கண்ணால் பார்த்தார். "சுப்ஹானல்லாஹ்" என்றார், குழாயைப் பார்த்தபடியே.

கஜாலினி மறுபடி தள்ளினாள். கதவு திறந்தது. உள்ளிருந்து வந்த காற்றில் குழந்தையின் முடி பறந்தது, அது சிரித்தது.

நிஜாம் படியில் உட்கார்ந்து பழைய அறிக்கையைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார், பக்கத்தில் தவறு தன்னுடையது என்று எழுதினார். வேலை இருக்குமா போகுமா என்று அப்போது அவருக்குத் தெரியாது. கடைசியில் கம்பெனியில் மூன்று மாதம் கையெழுத்துப் போட விடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நிஜாம் கதவில் கை வைப்பதில்லை. இந்தக் கட்டடத்தில் ஆக மெலிந்த கை யாருடையது என்று விசாரித்து, அவர்கள் வரும்வரை காத்திருக்கிறார்.